நாயையும் கூட்டிக்கொண்டு ஆர்.வி.யில் ராக்கி மலைப் பக்கம் போய் வர முடியுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: கணவன் மனைவி இருவர், எட்டு வயதான, கொஞ்சம் எடை கூடிய லாப்ரடார் ஒன்று, கையில் இரண்டு வார விடுப்பு. டென்வரில் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி) வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் வரை போய் வர ஆசை. நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவதா, கூடவே கூட்டிக்கொண்டு போவதா?

கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அதற்கு ஏற்றபடி வழியை மாற்றிப் போடுங்கள். நாய் கூட வருகிறதென்றால் தேசியப் பூங்காக்களை நடுவில் வைத்துத் திட்டம் போடக்கூடாது. யெல்லோஸ்டோன் போன்ற பூங்காக்களின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. அவற்றை ஒட்டியே தேசிய வனங்கள் இருக்கின்றன, அங்கே கயிறு கட்டிய நாய் நம்மோடு நடக்கலாம். பெரும்பாலான நாட்களை அங்கே கழித்துவிட்டு, பூங்காவுக்குள் இரண்டு மூன்று நாள் மட்டும் போய் வாருங்கள். எங்களுக்கு இது பாதிப் பயணத்தில்தான் புரிந்தது. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்களும் இருவர்தான், நானும் என் கணவரும். பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள். எங்கள் நாயின் பெயர் மணி. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலப்பினம், அப்போது ஆறு வயது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு மணி இருந்தான், அதனால் இவனுக்கும் அதே பெயர். 2023 செப்டம்பரில் டல்லாஸிலிருந்து காரில் டென்வர் வந்து, அங்கே 25 அடி நீள ஆர்.வி. ஒன்றை எடுத்தோம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் அடுப்பு, குளிர்பெட்டி, சாப்பாட்டு மேசை. இருவருக்கும் ஒரு நாய்க்கும் அது தாராளம். அதைவிட நீளமானதை எடுக்காதீர்கள். ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் ஓல்ட் ஃபால் ரிவர் சாலையில் 25 அடிக்கு மேல் வண்டி போகக்கூடாது. இன்னும் வடக்கே கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் 21 அடிதான் எல்லை.

முதல் நாள் மணி படாதபாடு பட்டான். வேகமோ வளைவோ அவனைப் பயமுறுத்தவில்லை, சத்தம்தான். வண்டி ஓடும்போது அலமாரியில் தட்டும் கரண்டியும் கலகலவென்று ஆடும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் காது பின்னால் போய், பின்னங்கால் நடுங்கியது. வாய் ஓரம் நுரை வந்தது. ஃபோர்ட் காலின்ஸ் தாண்டி ஒரு கடை வாசலில் நிறுத்தி, தட்டுக்குத் தட்டு நடுவில் துண்டு மடித்து வைத்தேன், கரண்டிகளைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டேன், குக்கர் மூடியைப் போர்வையில் சுற்றிப் படுக்கைக்கு அடியில் தள்ளினேன். வீட்டில் அவன் படுக்கும் பழைய பருத்திப் புடவையை இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் விரித்தேன். லாரமி வந்து சேர்வதற்குள் தூங்கிவிட்டான். முடிந்தால் வண்டியை ஒரு நாள் முன்னதாகவே எடுத்து, நிறுத்தி வைத்தபடி அதில் நாயோடு ஓர் இரவு படுத்துப் பாருங்கள். ஓடும்போது நாயை மார்புப் பட்டை போட்டு இருக்கை பெல்ட்டோடு கட்டுங்கள். பிரேக் அடித்தால் 30 கிலோ நாய் அப்படியே முன்கண்ணாடிக்கு வரும்.

லாரமிக்கு மேற்கே வயோமிங் 130ஆம் எண் சாலை ஸ்னோயி ரேஞ்ச் மலை மீது ஏறுகிறது. கணவாய் 10,847 அடி. பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிட்டு நேரே யெல்லோஸ்டோனுக்கு விரைகிறார்கள், பெரிய இழப்பு. மேரி ஏரிக்கரையில் நின்றால் வெள்ளைப் பாறைச் சுவர் ஒன்று தண்ணீரிலிருந்து எழுந்து நிற்பதுபோல இருக்கும். இது மெடிசின் போ தேசிய வனம், அதனால் கயிறு கட்டிய நாய் நம்மோடு பாதை முழுக்க நடக்கலாம். மணி அங்கேதான் தன் இயல்புக்கு வந்தான்.

இறங்கும்போதுதான் நாங்கள் தவறு செய்தோம். சரிவு முழுக்க இவர் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தார். பாதி வழியில் கருகின வாடை வந்தது. முதலில் நுகர்ந்தவன் மணி, எழுந்து நின்று முனகினான். ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தினோம், சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. அங்கே நின்றிருந்த ஒரு லாரி ஓட்டுநர் வந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு, வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது நன்றாக ஒருமுறை அழுத்திவிட்டு விட்டுவிடு. பல வண்டிகளில் இழுவைக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் இறக்கத்தில் கியர் தானாகக் குறையும். வாடகைக்குக் கொடுத்தவர்கள் கழிவுநீர்க் குழாயைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்றத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் எஞ்சின் வலு குறையும், வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். பெட்ரோல்தான் எங்களுக்கு காலனுக்கு எட்டு, ஒன்பது மைலுக்கு மேல் கொடுக்கவில்லை.

ராலின்ஸ் பக்கம் ஐ-80 நெடுஞ்சாலையில் காற்று பலமாக வீசும். உயரமான வண்டி என்பதால் பக்கவாட்டில் தள்ளும். காலையில் சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

லேண்டர் ஊருக்குப் பக்கத்தில் சிங்க்ஸ் கேன்யன் என்று ஒரு மாநிலப் பூங்கா. பப்போஷா என்று அங்கே உச்சரிக்கும் ஆறு ஒரு குகைக்குள் பாய்ந்து மறைந்துபோகிறது. கால் மைல் தள்ளி ஒரு குளத்தில் அமைதியாக மேலே வருகிறது. சாயம் கலந்து சோதித்தபோது அந்தக் கால் மைலைக் கடக்கத் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதாம். குளத்தில் பெரிய பெரிய டிரவுட் மீன்கள். மணி கம்பிக்கு இடையில் மூக்கை நீட்டி, ஒவ்வொரு மீன் திரும்பும்போதும் தலையைத் திருப்பிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

டுபாய்ஸ் ஊரைத் தாண்டி டோகோட்டி கணவாய்க்கு (9,658 அடி) முன்னால், ஷோஷோனி தேசிய வனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய கேம்ப்கிரவுண்டில் மூன்று இரவு தங்கினோம். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் மண் சாலையில் போகக்கூடாது என்று சொல்லும், அதனால் தார்ச்சாலை ஓரமாகவே இடம் பாருங்கள். அங்கே ஏறத்தாழ 8,000 அடி. தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் அரிசி போட்டால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். பிரஷர் குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள், ஊரில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து. மணிக்கும் இரவில் தயிர் சாதம் அதிலிருந்துதான்.

அந்த இடம் கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி. முதல் நாள் மாலை கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வந்தார். எங்கள் அடுப்பு, மேசை எல்லாம் சுத்தமாக இருந்தன. அவர் குனிந்து படிக்கட்டுக்கு அருகில் மணியின் தட்டைக் காட்டினார். அதில் ஒட்டியிருந்தது பத்துப் பருக்கைகூட இருக்காது. “இதுவும் உணவுதான்” என்றார். நாய்த் தீவனப் பை, தின்ற தட்டு, எலும்புத் துண்டு எல்லாமே வண்டிக்குள் இருக்க வேண்டும். நாயைக் கயிறு இல்லாமல் விடவே கூடாது என்பதற்கும் அவர் காரணம் சொன்னார். அவிழ்த்துவிட்ட நாய் புதருக்குள் ஓடிக் கரடியைச் சீண்டும், பிறகு பயந்துபோய் நம்மிடமே திரும்பி ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும். அன்றிலிருந்து கரடியை விரட்டும் ஸ்பிரே என் இடுப்பில், கயிறு இவர் கையில்.

இனி பூங்கா. கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் இரண்டிலும் நாய்க்கு விதி ஒன்றுதான்: வண்டி போகும் இடம்வரை நாயும் போகலாம். சாலை, வாகன நிறுத்தம், கேம்ப்கிரவுண்ட், அவற்றின் ஓரம். ஆறடிக் கயிறு கட்டாயம். நடைபாதைகளிலும், வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே போட்டிருக்கும் மரப்பாலங்களிலும் நாய்க்கு அனுமதி இல்லை. தனியாக எங்கேயும் கட்டிப்போட்டுவிட்டும் போகக்கூடாது.

இந்த விதி எனக்கு முதலில் கடுமையாகத்தான் பட்டது. பிறகு 1981ல் நடந்ததைப் படித்தேன். ஒரு வண்டியிலிருந்து தப்பிய நாய் ஊற்று ஒன்றுக்குள் பாய்ந்துவிட்டது. அதன் சொந்தக்காரரின் நண்பர், இளைஞர், அதைக் காப்பாற்ற உள்ளே குதித்தார். தண்ணீரின் சூடு 200 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் மேல். நாயும் பிழைக்கவில்லை, அவரும் பிழைக்கவில்லை. அந்த ஊற்றுகள் பார்க்க நீலமாக, தெளிவாக, ஒரு நாய்க்குக் குளம்போலத்தான் இருக்கும். வண்டிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் கயிற்றை மாட்டுங்கள். திறந்த பிறகு மாட்டலாம் என்று ஒருமுறைகூட விட்டுவிடாதீர்கள்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும். முதல் பீறிடலை இவர் போய்ப் பார்த்தார், நான் வண்டியில் மணியோடு இருந்தேன். அடுத்ததை நான் பார்த்தேன். நீராவி எழும்பியபோது சுற்றிலும் எல்லோரும் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருடத் திருமணத்தில் நாங்கள் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒன்றைத் தனித்தனியாகப் பார்த்தோம். திரும்பி வந்ததும், “எப்படி இருந்தது, சொல்லும்மா” என்று இவர் கேட்டார். தானும் பார்த்திருந்தும் கேட்டார். நாய் வருவதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது ஒருவருக்கு நீண்ட மலைநடைதான் பயணத்தின் உயிர் என்றால், பூங்கா நாட்களுக்கு மட்டும் பூங்காவுக்கு வெளியே உள்ள ஊர்க் காப்பகம் ஒன்றில் பகல் நேரத்துக்கு நாயை விட முன்பதிவு செய்யுங்கள். நல்ல காப்பகங்கள் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், ரேபிஸ் சான்றிதழை வண்டியிலேயே வைத்திருங்கள்.

மேடிசன் கேம்ப்கிரவுண்டில் இரண்டு இரவு. மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டரும் பகலில்தான். செப்டம்பர் என்பதால் ஏ.சி. தேவைப்படவில்லை, இரவில் ஹீட்டர்தான் ஓடியது. ஜூலையில் போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள். வெயிலில் நிற்கும் ஆர்.வி.க்குள் நாயைப் பூட்டிவிட்டு, ஏ.சி. ஓடுகிறதே என்று நம்பிப் போகக்கூடாது. மின்சாரம் நின்றால் உங்களுக்குத் தெரியவராது. மலைக்குள் போன் சிக்னல் இல்லாததால் வெப்பநிலையைப் போனுக்கு அனுப்பும் கருவியும் உதவாது.

செப்டம்பரில் இன்னொன்றும் உண்டு, அது எல்க் மான்கள் இணைசேரும் காலம். நள்ளிரவில் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு கூவல் வந்தது. புல்லாங்குழலை யாரோ உச்சியில் ஊதி, உடைந்து முடிப்பதுபோல. மணி குரைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி வந்து படுத்துக்கொண்டு, ஒவ்வொரு கூவலுக்கும் இவர் முகத்தைப் பார்த்தான். இருட்டில் மூவரும் விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் வடகிழக்கு வாசல் வழியாக வெளியேறினோம். லமார் பள்ளத்தாக்கில் காட்டெருமைகள் சாலையை மறித்து நின்றன. ஜன்னலை மூடி மணிக்குத் திரை போட்டுவிட்டோம். குக் சிட்டி தாண்டிப் பேர்டூத் நெடுஞ்சாலை, உச்சி 10,947 அடி. மேலே மரமே இல்லை, புல்லும் பாறையும் நூற்றுக்கணக்கான சிறு ஏரிகளும்தான். பூங்கா எல்லை முடிந்துவிட்டதால் மறுபடி தேசிய வனம். ஐலண்ட் ஏரிக் கரையில் மூவரும் சேர்ந்தே நடந்தோம். நிழலில் ஒரு திட்டுப் பனி கிடந்தது. மணி அதற்கு முன் பனியைப் பார்த்தவன், ஆனாலும் முகத்தை அதற்குள் புதைத்து, முதுகால் உருண்டு, எழுந்து எங்களைப் பார்த்துக் குரைத்தான். பத்து நாளில் அவன் வாய்விட்டுக் குரைத்தது அப்போதுதான். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் லாப்ரடாருக்கு எட்டு வயது, எடையும் கொஞ்சம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதல் இரண்டு இரவை லாரமி போல ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள், ஓடை நீரைக் குடிக்க விடாதீர்கள், ஜியார்டியா என்ற குடல் கிருமி தொற்றினால் மீதிப் பயணம் வயிற்றுப்போக்கில் போய்விடும். பத்தாயிரம் அடியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு நிற்பான். அவன் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.