அடிபம்பில் காலையில் தண்ணீர் ஏறவில்லையா?

கேள்வி: எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே அடிபம்பு. தினமும் காலையில் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் ஏறுகிறது. புது பம்பு வாங்க வேண்டுமா?
- வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: வேண்டாம் அம்மா. பெரும்பாலும் தோல் வாஷர்தான் காரணம். பம்பில் இரண்டு வாஷர் உண்டு; கெட்டது எது என்பதை நீங்கள் ஊற்றும் தண்ணீரே காட்டிவிடும். ஊற்றியதும் சரசரவென்று உள்ளே இறங்கினால், அடியில் உள்ள வால்வு வாஷர் சரியாக மூடவில்லை. இரவெல்லாம் குழாய்த் தண்ணீர் கீழே இறங்குவதும் இதனால்தான். சில நேரம் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலே போதும். கழற்றிக் கழுவிப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றும் அடித்தால் ஏறவில்லையென்றால், கைப்பிடித் தண்டின் நுனியில் இருக்கும் கிண்ண வாஷர் தேய்ந்துவிட்டது. புதுத் தோலை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த தோல் விறைப்பாக இருக்கும், பம்பின் உள்சுவரோடு ஒட்டாது.

ஒன்று மிக முக்கியம்: ஊற்றுவது குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும், பாத்திரம் கழுவிய தண்ணீர் கூடவே கூடாது. முதலில் வருவது கலங்கியோ சாக்கடை வாடையோடோ இருந்தால் அதைக் குடிக்காதீர்கள். பூமிக்கடியில் குழாய் விரிசல் விட்டிருந்தால், பம்பு அடிக்கும் இழுப்பில் கழிவுநீரும் உள்ளே வந்துவிடும். உடனே குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள்.