பட்டுச் சாறியில ஃபவுண்டேஷன், வெள்ளைச் சட்டையில லிப்ஸ்டிக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, உப்புவெளியில சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணம், நான் கட்டினது அம்மாட கிறீம் கலர் பட்டுச் சாறி, எல்லாரையும் கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுத்ததில தோள்பக்கம் ஃபவுண்டேஷன் அப்பிட்டு. என்ட பிளவுஸ் கழுத்தும் மண்ணிறமாப் போச்சு, அது கொட்டன். சுடுதண்ணியில ஊறப் போடச் சொல்லி மாமி சொல்றா, போடலாமா?

பதில்: வேணாம் தங்கச்சி, சுடுதண்ணி மட்டும் வேணவே வேணாம். மேக்கப் சாமான் முக்கால்வாசியும் எண்ணெய், மெழுகு, சிலிக்கோன், அதுக்குள்ள கலர்த்தூள், சூடு பட்டா எண்ணெய் இளகிக் கலரையும் கூட்டிக்கொண்டு நூலுக்குள்ள இறங்கிரும். அழுக்கு முழுசாப் போகாம அயர்ன் பண்ணினாலும் இதே கதிதான்.

முதல்ல பிளவுஸ். காய்ஞ்சபடியே, தண்ணி படாம, மேல ஒட்டிக்கிடக்கிறத கரண்டி விளிம்பால மெதுவா வழிச்சு எடுங்க. பிறகு பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு விரலால நீவுங்க, அது எண்ணெய்க்கெண்டே செய்த சாமான். பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு உட்பக்கம் வெளியில வாறமாதிரித் திருப்பிப் பச்சைத்தண்ணியில அலசுங்க, அப்பத்தான் அழுக்கு வந்த வழியாலயே வெளிய போகும். கடற்கரைப் பக்கத்துக் கிணறெண்டா, தண்ணி சவராயிருந்தா சோப் நுரைக்காது, சோப்பும் முழுசாப் போகாது, இந்த வேலைக்கு மட்டும் குழாய்த் தண்ணிய எடுங்க. ஒரு தரத்தில போகாட்டித் திரும்பச் செய்ங்க, ஈரத்தோட இருக்கேக்கயே செய்ங்க, காய வச்சிட்டுப் பாப்பமெண்டு விடாதீங்க.

கனபேர் உடன குளோரின் பிளீச்சுக்குத்தான் ஓடுவினம். ஃபவுண்டேஷன்ட மண்ணிறம் வாறது இரும்பு ஒக்சைட்டால, துருவும் அதே சாதிதான், அது பிளீச்சுக்கு வெளுக்காது, வெயிலுக்கும் வெளுக்காது. எண்ணெயக் கழட்டினாத்தான் தூள் கழண்டு வரும், வேற குறுக்குவழி இல்ல. பிளீச்சோட வினாகிரிய ஒருநாளும் கலக்காதீங்க, நச்சுவாயு வரும்.

இப்ப அம்மாட சாறி. இதில என்ட மனசுக்குச் சரியெண்டு படுறது, வீட்டில கைவைக்காம டிரை கிளீனிங் குடுக்கிறதுதான், குடுக்கேக்க இன்ன இடத்தில ஃபவுண்டேஷன் பட்டதெண்டு காட்டிச் சொல்லுங்க. அதுவரைக்கும் குட்டிக்கூரா மாதிரிப் பவுடர் கொஞ்சம் தூவி, இரவு முழுக்க விட்டு, மெல்லிசுத் துணியால தட்டி எடுங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சாப் பட்டு நூல் பிரிஞ்சு அந்த இடம் மங்கிப்போகும். பட்டுக்குக் குளோரின் பிளீச் காட்டவே கூடாது, நூலையே அரிச்சிரும். ஒரு தாய் ஆசையா வச்சிருந்து மகளுக்குக் குடுத்த சாறி, கொஞ்சக் காசு போனாலும் பரவாயில்ல.

கேள்வி: மகளுக்குப் பள்ளிக்கூடத்தில டான்ஸ், மேக்கப்போடயே வெள்ளைச் சட்டைய மாத்தியிருக்கிறா, கழுத்தில லிப்ஸ்டிக்கும் கண்மையும். திங்கள் போடோணும், உதவி செய்ங்க.

பதில்: பார்மசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கேட்டு வாங்குங்க, லிப்ஸ்டிக் சாயத்துக்கு அதுதான் கை குடுக்கும். கறைக்குக் கீழ ஒரு பழந்துணிய மடிச்சு வச்சு, பஞ்சில ஸ்பிரிட் தொட்டு, ஓரத்தில இருந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி எடுங்க, நடுவில இருந்து இழுத்தா வட்டம் பெருக்கும். பஞ்சில கலர் ஏறினா வேற பஞ்சு எடுங்க, கீழ்த்துணியையும் மாத்துங்க. அடுப்பு எரியுற குசினியில செய்யாதீங்க, ஸ்பிரிட் டக்கெண்டு பத்தும். பிறகு பாத்திரம் கழுவுற லிக்விட், அதுக்குப் பிறகு வழமைபோலச் சன்லைட் போட்டுத் துவையுங்க. கண்மைக்கும் இதே வேலைதான். நெயில் பொலிஷ் ரிமூவர் போடச் சொல்லி ஆரும் சொன்னா ரெண்டு தரம் யோசிங்க, அதில அசிட்டோன் இருந்தா அசிட்டேட் எண்ட பட்டுமாதிரி மினுங்கிற செயற்கைத் துணி கரைஞ்சு ஓட்டையாப் போயிரும்.

கேள்வி: கறுப்புச் சுரிதாரில கொம்பக்ட் பவுடர் கொட்டிட்டு, ஈரத்துணியால துடைக்கவா?

பதில்: ஐயோ, ஈரம் வேணாம், சேறாகி அப்பிரும். வெளிய கொண்டுபோய் உதறுங்க, மிச்சத்த ஹெயார் டிரையரில குளிர்காத்து வச்சு ஊதுங்க, இல்லாட்டி செலோடேப் ஒட்டி ஒட்டி எடுங்க.

கேள்வி: காளி கோயில் குங்குமம் வெள்ளைச் சாறியில பட்டா?

பதில்: மஞ்சளில செய்த குங்குமமெண்டா கொட்டன் சாறியச் சோப் போட்டுத் துவைச்சு நல்ல வெயிலில போடுங்க. சோப் பட்டவுடன சிவப்புக் கூடினமாதிரித் தெரியும், பயப்படாதீங்க, மஞ்சள் சோப்புக்கு அப்பிடித்தான் நிறம் மாறும், வெயில் பட மங்கும். சாயப்பவுடரில செய்த குங்குமம் எல்லாம் வெயிலுக்குப் போகுமெண்டில்ல, அதுக்கு மேல சொன்ன ஸ்பிரிட் முறைய உள்மடிப்பில ஒருக்கா வச்சுப் பாத்திட்டுச் செய்ங்க.