மாதாந்திர நன்கொடையில் எவ்வளவு கட்டணமாகப் போகிறது?

கேள்வி: மூன்று தொண்டு நிறுவனங்களுக்கு மாதாமாதம் கிரெடிட் கார்டிலிருந்து ஒரு சிறு தொகை போகும்படி பதிந்து வைத்திருக்கிறேன். "பாதிப் பணம் கட்டணத்துக்கே போய்விடும், வருடத்துக்கு ஒரே தடவை மொத்தமாகக் கொடுத்துவிடு" என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதியெல்லாம் போகாது. ஆனாலும் நண்பரின் கவலையில் நியாயம் இருக்கிறது. தொகை சிறியதாக இருந்தால் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே கழிகிறது.

கார்டு கட்டணத்தில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, தொகையில் இத்தனை சதவீதம் என்பது. மற்றொன்று, எவ்வளவு கொடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் கழிகிற நிலையான கட்டணம். சிறு நன்கொடையைப் பதம் பார்ப்பது இந்த இரண்டாவதுதான். இணையத்தில் கார்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் வழக்கமாக வாங்கும் கட்டணத்தைப் பாருங்கள்: 2.9 சதவீதம், அதோடு 30 சென்ட். 5 டாலர் கொடுத்தால் ஏறக்குறைய 45 சென்ட் போகிறது. அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம். 12 மாதத்தில் நீங்கள் தரும் 60 டாலரில் 5 டாலர் 34 சென்ட் கட்டணம். அதே 60 டாலரை ஒரே தடவையாகத் தந்தால் 2 டாலர் 4 சென்ட்தான். மாதம் 50 டாலர் தருபவருக்கோ கழிவது மூன்றரை சதவீதம். தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகை விகிதமும் உண்டு, ஆனால் தானாக வராது, நிறுவனம் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும்.

இந்தப் பணம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. உங்கள் கார்டைக் கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, நடுவில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே என்று பங்கு பிரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் வங்கியின் பங்குக்கு உச்சவரம்பு வைத்தது: சாதாரண டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். மற்றவர்களின் பங்கு இதோடு தனியாகச் சேரும்.

அப்படியானால் வருடத்துக்கு ஒரு தடவை கொடுப்பதுதானே நல்லது? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாதம்தோறும் இவ்வளவு நிச்சயமாக வரும் என்று தெரிந்தால்தான் ஒரு தொண்டு நிறுவனம் துணிந்து ஓர் ஆசிரியரையோ செவிலியரையோ வேலைக்கு வைக்க முடியும். அப்புறம், வருடத்துக்கு ஒரு முறை தருவதாகச் சொன்னவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்துபோன நன்கொடையோடு ஒப்பிட்டால் 9 சதவீதக் கட்டணம் எவ்வளவோ மேல்.

மாற்ற வேண்டியது பணம் போகும் வழியை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. டைரக்ட் டெபிட்டில் உங்கள் அனுமதியின் பேரில் நிறுவனம் பணத்தை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் கார்டைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். இன்னொன்று, குறித்த தேதியில் அனுப்பச் சொல்லி உங்கள் வங்கிக்கு நீங்களே தரும் நிலையான உத்தரவு. இதில் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் செலவே இல்லை. ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத பணம் கணக்காளருக்குப் பெரிய தலைவலி. ஒவ்வொரு வரவாகத் தேடி, இன்னார் பணம் என்று பொருத்துவதற்குள் அரை நாள் போய்விடும். அந்த அரை நாள் சம்பளமும் செலவுதானே? அதனால் குறிப்பு எழுதும் இடத்தில் உங்கள் நன்கொடையாளர் எண்ணை மறக்காமல் போடுங்கள்.

கட்டணப் பட்டியலில் தெரியாத செலவுகளும் இருக்கின்றன. கார்டு காலாவதியானால் அந்த மாதப் பணம் வராது. யாராவது மின்னஞ்சல் அனுப்பி, போன் செய்து, பின்தொடர வேண்டும். புது கார்டு வந்த அன்றே விவரத்தை மாற்றிவிட்டால் இந்த வேலை மிச்சம். அதேபோல் நன்கொடையை நிறுத்த நினைத்தால் நிறுவனத்திடம் சொல்லி நிறுத்துங்கள். "இந்தப் பணத்தை நான் அனுமதிக்கவில்லை" என்று வங்கியில் புகார் கொடுத்தால் பணம் திரும்பப் போவதோடு, பல இடங்களில் தொண்டு நிறுவனத்துக்கு அபராதம் போலத் தனிக் கட்டணமும் விழும். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் பாதிப்பு பாதிப்புதான்.

நன்கொடைத் தளங்கள் வழியாகக் கொடுப்பவர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். "தளத்துக்கு ஒரு சிறு அன்பளிப்பு" என்று சில இடங்களில் முன்கூட்டியே ஒரு சதவீதம் தேர்வாகி இருக்கும். அது தளத்துக்குத்தான் போகும், தொண்டு நிறுவனத்துக்கு இல்லை. வேண்டாம் என்றால் பூஜ்யமாக்கலாம். "கட்டணத்தையும் நானே ஏற்கிறேன்" என்ற கட்டம் வேறு. முடிந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள், எவ்வளவு கூடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில், மூன்று நிறுவனங்களுக்கும் எழுதி, எந்த வழியில் அனுப்பினால் அவர்களுக்குச் செலவு குறைவு என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், இந்தக் கேள்வியை அவர்கள் வரவேற்பார்கள். வங்கி வழி இருந்தால் அதற்கு மாறுங்கள். கார்டு மட்டும்தான் என்றால், மாதத் தொகை மிகச் சிறியதாக இருக்கும் பட்சத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து அனுப்பலாம். ரசீதை அஞ்சலில் வேண்டாம், மின்னஞ்சலில் போதும் என்றும் சொல்லிவிடுங்கள். மாறும்போது முதலில் புது வழியில் ஒரு தவணை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கார்டு பதிவை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் இடையில் ஒரு மாதம் விட்டுப்போகும்.