பட்டன் இருக்கு, பக்கத்துல வெடிப்பு: டயர் மாத்தணுமா?

2018 மாடல் கார், ஓடினது 24,000 கி.மீ. தான், பட்டன் (டயர்ல ரோட்டைத் தொடற மேடு பள்ளம்) நல்லா இருக்கு, ஆனா பக்கவாட்டுல மெல்லிசா வெடிப்பு. கடைக்காரர் நாலையும் மாத்தச் சொல்றார், ஏமாத்துறாரான்னு கேட்டிருந்தீங்க. எனக்கு அப்படித் தோணலை சார்.

ஓடாம நின்னாலும் டயருக்கு வயசாகும். வேளச்சேரியில திறந்தவெளியில நிறுத்துறதா சொல்றீங்க. நம்ம ஊர் வெயில்ல ரப்பர் இறுகி வெடிப்பு விடத்தான் செய்யும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழ போனா மாத்தணும்கறது தேய்மானக் கணக்கு மட்டும். வயசுக் கணக்கு வேற.

பக்கச் சுவர்ல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 1418னா 2018-ல 14-வது வாரம் தயாரானது. வெளிப்பக்கம் இல்லேன்னா உள்பக்கம் குனிஞ்சு பாருங்க. 6 வருஷம் ஆனா மாத்தச் சொல்ற கார் கம்பெனிகள் உண்டு. டயர் கம்பெனிகள் பொதுவா சொல்ற உச்ச வரம்பு 10. வெடிப்போட அதுவரைக்கும் இழுக்காதீங்க, அதுவும் ஓ.எம்.ஆர். ரோட்டுல வேகமா போறவர்னா. எங்கேயாவது புடைச்சிருந்தா இன்னிக்கே மாத்திடுங்க.

செலவு இடிச்சா இப்போ ரெண்டு போடலாம், புதுசு பின்னாடி. மழைத் தண்ணியில பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும். மீதி ரெண்டையும் ரொம்ப நாள் தள்ளாதீங்க.

காத்து காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கறது உங்க இஷ்டம். சாதாக் காத்துலயே 78 சதவீதம் அதுதான்.

புது டயர் பில் போடறதுக்கு முன்னாடி அதுலயும் அந்த நாலு இலக்க எண்ணைப் பாத்துடுங்க. ஸ்டெப்னியும் 2018 தானே?