ஹட்டனிலிருந்து தென்கொரியா போய் ஆங்கிலம் கற்பிப்பது: தனியார் அகடமியா, அரசுப் பாடசாலையா?

நீங்களும் கனடாவில் பிறந்த உங்கள் மச்சாளும் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போனால் எது நல்லது என்று கேட்டது நல்ல கேள்வி. ஆனால் முதலில் கடவுச்சீட்டைப் பாருங்கள். மொழி ஆசிரியர்களுக்கான கொரியாவின் ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா குடிமக்களுக்கே பொதுவாகக் கிடைக்கும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. "நான் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் அம்மாவின் நகையை அடகு வைத்துக் காசு கட்டிவிடாதீர்கள்.

கனடாவில் பிறந்த மச்சாளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. கொரியாவில் ஹாக்வொன் எனப்படும் தனியார் அகடமி நம்ம ஊர் டியூட்டரி போலத்தான்: பிற்பகலில் தொடங்கி இரவு வரை வகுப்பு, பிள்ளைகள் குறைவு, விடுமுறையும் குறைவு. முதலாளி நல்லவரா என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. அரசுப் பாடசாலையில் பகல் வேலை, பெரிய வகுப்பு, பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதையே சொல்வேன்.

சரி, உங்களுக்கு? மாலைதீவைப் பாருங்கள். அங்கே அரசுப் பாடசாலைகளில் இலங்கை ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். எந்தத் தீவு, தங்குமிடம் யார் பொறுப்பு, ருஃபியாவில் வரும் சம்பளத்தை டொலராக மாற்றி வீட்டுக்கு அனுப்ப வழி என்ன என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், போகும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.