முன்கட்டை வாடகைக்கு விடுங்கள், வீட்டை இடிக்காதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் தமிழர் பகுதியில் தாத்தா காலத்து முற்றம் வைத்த வீடு எங்களுடையது. மழைக்கு ஒழுகுகிறது, சுவர் பொரிந்து கொட்டுகிறது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறான் தம்பி. தெருவே களையிழந்து கிடக்கும்போது இந்த ஒரு வீட்டைக் காப்பாற்றி என்ன பயன்?
- வாசகி, புதுச்சேரி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. தம்பியையும் கூட்டிக்கொண்டு வைசியாள் வீதி வரை ஒரு நடை போய்வாருங்கள். அங்கே 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு வீடுகளின் முகப்பை வரிசையாகச் சீரமைத்தது. கீழே திண்ணை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல் என்று அந்த ஊருக்கே உரிய கலவை அது. 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஒற்றை வீட்டுக்கும் வழி இருக்கிறது. பெருமாள் கோயில் வீதியில் ஒரு பழைய தமிழ் வீடுதான் இன்றைக்கு மேசோன் பெருமாள் என்ற தங்கும் விடுதி.

உங்கள் முதல் செலவு கூரைக்குத்தான். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய தட்டைக் கூரை என்றால் தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்திருப்பார்கள். தட்டோட்டு இடுக்கில் இறங்குகிற தண்ணீர், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையைத்தான் முதலில் இற்றுப்போக வைக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஆசாரியைக் கூப்பிடுங்கள். சுவர் பொரிவதற்குப் பெரும்பாலும் இடையில் யாரோ பூசிய சிமெண்ட்தான் காரணம். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். கொத்தி எடுத்துவிட்டு சுண்ணாம்பே பூசுங்கள்.

தள்ளிப்போட மட்டும் வேண்டாம். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம், பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, திரும்பக் கட்டித் திறப்பதற்குள் 2021 ஆகிவிட்டது.

அப்புறம், முன்கட்டை ஒரு கிளினிக்குக்கோ தையற்கடைக்கோ விட்டுவிட்டுப் பின்கட்டில் நீங்கள் இருங்கள். திண்ணையில் நாலு பேர் வந்து உட்கார்ந்தாலே தெரு மாறத் தொடங்கும்.

கேள்வி: கடைசியில் எல்லாம் ஹோட்டலும் காபிக்கடையும் ஆகிவிடாதா? குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நியாயமான பயம். மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த பலர் ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்ததும் விடுதிகள் பெருகின. கட்டடம் மட்டும் பிழைத்தால் போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு வீதியில் இத்தனை விடுதிக்குமேல் அனுமதி கிடையாது என்று நகராட்சி வரம்பு வைக்க வேண்டும், பழுதுபார்க்கும் மானியம் அங்கேயே குடியிருப்பவருக்கு முதலில் போக வேண்டும். கும்பகோணத்தில் இப்போதே இதைக் கேட்டு வாங்குங்கள், விலை ஏறிய பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.