கட்டு பிரிச்சாச்சு, அதோட முடிஞ்சுதா? எலும்புப்புரை பத்தி உங்க கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயசு. பாத்ரூம்ல வழுக்கி, கையை ஊனி விழுந்ததுல மணிக்கட்டு உடைஞ்சுடுச்சு. மாவுக்கட்டு பிரிச்சாச்சு, இப்ப நல்லா இருக்காங்க. இனிமே டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா டாக்டர்?

பதில்: கண்டிப்பா எடுக்கணும். இதை கேட்டீங்களே, அதுவே எனக்கு பெரிய சந்தோஷம், ஏன்னா முக்காவாசி வீட்ல தரை ஈரமா இருந்துச்சுன்னு தரை மேல பழியைப் போட்டுட்டு, கட்டு பிரிச்ச அன்னிக்கே எல்லாத்தையும் மறந்துடறாங்க. நின்ன உயரத்துல இருந்து விழுந்தா நல்ல எலும்பு பொதுவா தாங்கிடும், தாங்கலன்னா உள்ள சல்லடை மாதிரி ஆயிட்டிருக்கோன்னு, அதாவது எலும்புப்புரை (ஆஸ்டியோபொரோசிஸ்) இருக்கோன்னு சந்தேகப்பட்டே ஆகணும். இப்படி ஒரு தடவை உடைஞ்சவங்களுக்கு அடுத்து ஒண்ணு உடையற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுலயும் முதல் ரெண்டு வருஷம்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய காலம். இன்னிக்கு மணிக்கட்டோட போச்சு, அடுத்தது இடுப்பா இருந்தா ஆபரேஷன், படுக்கை, பாத்ரூம் போக கூட ஒரு ஆள் வேணும்.

அதனால எலும்போட அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்துடுங்க. மெஷின்ல கால் மணி நேரம் படுத்திருந்தா போதும், ஊசி கிடையாது, கதிர்வீச்சும் ரொம்ப ரொம்ப கம்மி. கூடவே விட்டமின் டி, தைராய்டு, கிட்னி டெஸ்டும் பாக்க சொல்லுங்க, சில பேருக்கு எலும்பு கரைய வேற காரணம் இருக்கும். வீட்லயும் ஒரு தடவை சுத்திப் பாருங்க, பழைய புடவையை மடிச்சுப் போட்ட கால்மிதி, ராத்திரி பாத்ரூம் போற வழியில எரியாத லைட்டு, இதெல்லாம்தான் ஆளை கவுத்து விடும்.

கேள்வி: முட்டி வலிக்கு போனேன், "எலும்பு தேய்மானம்"னு சொன்னாங்க. இதுதான் ஆஸ்டியோபொரோசிஸா?

பதில்: இல்லம்மா. இந்த ஒரு வார்த்தையால வர்ற குழப்பம் கொஞ்ச நஞ்சம் இல்ல. முட்டியில தேயறது எலும்பு முனையில இருக்கிற குருத்தெலும்பு, அது மூட்டு தேய்மானம், அது வலிக்கும். எலும்புப்புரை, எலும்பு உடையற வரைக்கும் வலிக்கவே வலிக்காது. அதனாலதான் வலி இல்லையே, நமக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னு இருந்துடறாங்க.

கேள்வி: ரத்தத்துல கால்சியம் நார்மல். அப்ப எலும்பும் நார்மல்தானே?

பதில்: அப்படி சொல்ல முடியாது. ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சா இதயத்துடிப்பே தடுமாறும், அதனால உடம்பு எலும்புல இருந்து உருவியாவது அந்த அளவை சரியா வெச்சுக்கும். எலும்புப்புரை இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் இந்த டெஸ்ட் நார்மலாதான் வரும்.

கேள்வி: வயசு 58, டி-ஸ்கோர் மைனஸ் 1.9. பயப்படணுமா?

பதில்: டி-ஸ்கோர்ங்கறது டெக்ஸா ஸ்கேன்ல வர்ற நம்பர், உங்க எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயசுக்காரங்களோட ஒப்பிட்டு சொல்லும். மைனஸ் 1-லிருந்து மைனஸ் 2.5 வரைக்கும் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்தி கொஞ்சம் கொறைஞ்ச நிலை, மைனஸ் 2.5-ம் அதுக்கு கீழயும் போனா எலும்புப்புரை, இது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. ஆனா அந்த நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, எலும்பு உடைஞ்சு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு ஸ்கோர் மைனஸ் 2.5-ஐ தொட்டே இருக்காது. உங்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கா, ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மூணு மாசத்துக்கு மேல சாப்பிட்டீங்களா, ஆள் ரொம்ப மெலிவா, இதையெல்லாம் சேர்த்து ஃப்ராக்ஸ்னு ஒரு கணக்கு இருக்கு, அடுத்த 10 வருஷத்துல உடையற வாய்ப்பு எவ்வளவுன்னு அது சொல்லும். இந்தியாவுக்குன்னு தனியாவும் இருக்கு, உங்க டாக்டரை போட்டுப் பாக்க சொல்லுங்க. சுகர் இருந்தா மறக்காம சொல்லுங்க, டைப் 2 சுகர்ல ஸ்கோர் காட்டறதை விட எலும்பு பலவீனமா இருக்கும். முதுகெலும்புல முள்ளு மாதிரி வளர்ந்திருந்தாலும் அந்த இடத்து ஸ்கோர் பொய்யா நல்லா காட்டும், அப்ப இடுப்பு ஸ்கோரை நம்புங்க.

கேள்வி: பாட்டி கூன் விழுந்துட்டாங்க. வயசானா இப்படித்தானா?

பதில்: வயசு மேல போட்டு விட்டுடாதீங்க. பத்து வருஷமா ஒரே உயரத்துல புடவை கட்டினவங்க, இப்ப கொசுவம் தரையில இழுபடுதுன்னு தூக்கி சொருகறாங்களா? செவுத்துல முதுகை ஒட்டி நிக்க சொன்னா பின்தலை செவுத்தை தொடுதா? தொடலன்னா, இல்ல 4 சென்டிமீட்டர் உயரம் கொறைஞ்சிருந்தா, முதுகெலும்பை பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுங்க. முள்ளெலும்பு ஒண்ணு ரெண்டு சத்தமில்லாம நசுங்கியிருக்கலாம், நிறைய பேர் அதை வெறும் முதுகு வலின்னு தைலம் தேய்ச்சே ஓட்டியிருப்பாங்க.

கேள்வி: எலும்புப்புரைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடற டெனோசுமாப் ஊசி, ரெண்டு டோஸ் போட்டாச்சு. நல்லா இருக்கேன், நிறுத்திடலாமா?

பதில்: தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. இந்த ஊசியை சட்டுனு விட்டா சேர்ந்த எலும்பு வேகமா கரைஞ்சுடும், சில பேருக்கு ஒரே நேரத்துல ரெண்டு மூணு முள்ளெலும்பு நசுங்கிடுது. நிறுத்தறதா இருந்தா அதுக்கு பதிலா வேற மருந்து ஆரம்பிச்சுட்டுதான் நிறுத்தணும், அது டாக்டர் முடிவு பண்ண வேண்டியது. அடுத்த டோஸ் தேதியை இன்னிக்கே காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டு, வீட்ல இன்னொருத்தர்கிட்டயும் சொல்லி வெச்சுடுங்க.